பேபி என்றால் குழந்தை

“அந்த நெட்டப் பெட்டிய மொதல்ல எடுங்க. அது போனாத்தான் மத்தது நவுரும்,” என்றாள் பேராச்சி.

அறையில் இடமில்லை. தாராவியின் அந்தச் சந்தில் கோலி என்று சொல்லுகிற வீடுகள் எல்லாம் ஒற்றை அறைதான். ஆனால் பிரம்மநாயகத்தின் கோலியில் முக்கால்வாசியை ஸ்பீக்கர் பெட்டிகள் பிடித்திருந்தன. மீதி இடத்தில் அடுப்பு, தண்ணீர் டிரம், சாமி படம், இரண்டு பேர் முழங்காலை மடக்கிப் படுக்கிற அளவுக்குத் தரை. இப்போது பிரம்மநாயகத்தைக் கால் நீட்டிப் படுக்க வைக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வண்டி சந்துக்குள் வராமல் மெயின் ரோட்டிலேயே நின்றது. உள்ளே இடம் பண்ணிவிட்டுப் போய்த் தூக்கி வரலாம் என்று மைக் செட் வேலையில் கூட வருகிற ஜமால் சொல்லியிருந்தார்.

கொழுந்தன் பூதத்தான் நெட்டைப் பெட்டியைத் தரையோடு தரையாக இழுத்தான். சிமெண்டில் அது கிரீச்சிட்டது.

“தூக்கு தம்பி. இழுத்தா அடியில சக்கரம் பிஞ்சிரும்.”

“பிஞ்சா பிய்யட்டும் மதினி. இந்தச் சனியனச் சொமந்துதான எங்கண்ணன் செத்தான்.”

வாசலில் நின்ற பெண்கள் பேராச்சியைப் பார்த்தார்கள். புருஷன் ரோட்டில் வண்டிக்குள் கிடக்கிறான், இவள் சக்கரத்தைப் பற்றிப் பேசுகிறாள். அவளுக்கே அது தெரிந்திருந்தது. ஆனால் வாயிலிருந்து அந்தப் பேச்சுதான் வந்தது. விடியற்காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் வந்து சொன்னபோதும் அவள், “மேல்சட்டைப் பையில டெஸ்டர் இருக்கும், குத்திரும், எடுத்துருங்க,” என்றுதான் சொன்னாள்.

முந்தின நாள் சாயங்காலம் ஆண்டாப் ஹில்லில் ஒரு கல்யாண வரவேற்பு. மொட்டை மாடியில் பந்தல், லிஃப்ட் கிடையாது. பெரிய பெட்டியைத் தூக்க எப்போதும் மூன்று பேர் வேண்டும். நேற்று பிரம்மநாயகமும் ஜமாலும் மட்டும். பாதி மாடி ஏறியதும் பிரம்மநாயகம் பெட்டியைச் சுவரோரம் பதனமாகச் சாய்த்து வைத்துவிட்டு, “கொஞ்சம் இரியும் வே. நெஞ்சுல என்னமோ அமுக்குது,” என்று படியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் எழுந்திருக்கவே இல்லை.

மூன்றாவது ஆளாகப் போயிருக்க வேண்டியவன் பூதத்தான்.

அவன் மில் ஸ்டிரைக்கில் வேலை போனவன். தோல் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குவான், சாயங்காலம் அண்ணனுக்கு மைக் செட் வேலையில் ஒத்தாசை செய்வான். போன வாரம் இரண்டு பேருக்கும் தகராறு. பொங்கலன்றைக்குப் பிள்ளையார் கோயில் விழாவுக்கு செட் தருவதாகப் பூதத்தான் வாக்குக் கொடுத்திருந்தான். அண்ணனோ அதே நாளில் ஒரு காலேஜில் நடக்கிற இங்கிலீஷ்க் கச்சேரிக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்.

“அர்த்தந் தெரியாத பாட்டுக்குப் போயி ஆலாப் பறக்குத,” என்று கத்தினான் பூதத்தான்.

“அர்த்தம் எனக்குத் தெரியும்,” என்றார் பிரம்மநாயகம். அவ்வளவுதான் சொன்னார்.

“அப்பம் நீயே சொமந்துக்கோ. இனி ஒன் பெட்டியத் தொட்டா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல.”

நேற்று ஜமால் வந்து கூப்பிட்டும் அவன் போகவில்லை. இன்று காலையிலிருந்து யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய் வைத்தான். கடைசிப் பெட்டியை வைத்தபோது அதை ஓங்கி ஒரு உதை உதைத்தான்.

பிரம்மநாயகம் வந்து படுத்தார். அதன் பிறகு எல்லாம் வழக்கப்படி நடந்தது. சந்துப் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஆண்கள் குழாயடியிலிருந்து நீர்மாலை எடுத்து வந்தார்கள். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பேராச்சியின் அண்ணன் வர இரண்டு நாளாகும் என்பதால், பிறந்த வீட்டுக் கோடியை ஜமால் எடுத்து வந்து, “நானும் இதுக்கு அண்ணந்தான தங்கச்சி,” என்று அவள் தோளில் போட்டார். பேராச்சி எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்து கொடுத்தாள். கண்ணில் மட்டும் தண்ணீர் வரவில்லை.

தூக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெண் ரோஜா மாலையுடன் சந்துக்குள் வந்தாள். காட்டன் புடவை, தோளில் ஆபீஸ் பை, நெற்றியில் சின்னப் பொட்டு. சாக்கடைப் பலகைகளைத் தாண்டி வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் ஒவ்வொரு வாசலிலும், “மைக் செட் நாயகம் அண்ணா வீடு?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பேராச்சி அவளைப் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் குரல் காதில் பட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது. அந்தக் குரலைப் பற்றி அவ்வளவு கேட்டிருக்கிறாள்.

மாட்டுங்காவில் இருக்கிற பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண் ஷ்யாமளா. பேங்கில் வேலை. சாயங்காலங்களில் மூன்று பையன்களோடு சேர்ந்து இங்கிலீஷ் ராக் பாட்டுப் பாடுகிறவள். மற்றவர்களைப் போல அமெரிக்காக்காரன் கேசட்டில் வந்ததைத் திரும்பப் பாட மாட்டாள். தானே எழுதித்தான் பாடுவாள். அதனால் கூட்டத்துக்கு அவளைப் பிடிக்காது. தெரிந்த பாட்டைப் பாடச் சொல்லிக் கத்துவார்கள், ஒருமுறை வாழைப்பழத் தோல்கூட வந்து விழுந்திருக்கிறது. “அது கண்ண மூடிக்கிட்டு அது பாட்டுக்குப் பாடும்,” என்பார் பிரம்மநாயகம். “அம்புட்டுச் சனத்துல அது பாடுதத முழுசாக் கேக்குதவன் நான் ஒருத்தந்தான். எனக்குத்தான் காதுல ஹெட்போன் மாட்டியிருக்குல்லா.”

அவர் பேசுகிறவர் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போய்வந்தாலும் கோயில் கொடைக்குப் போய்வந்தாலும் சாப்பிட்டுவிட்டுச் சுருண்டு படுத்துவிடுவார். ஷ்யாமளா பாடிய கச்சேரிக்குப் போய்வந்த மறுநாள் மட்டும் காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பி உட்காருவார். “நேத்து ஒரு பாட்டு பாடிச்சு அந்தப் பிள்ள,” என்று ஆரம்பிப்பார்.

அப்படித்தான் பேராச்சி அந்தப் பாட்டுகளைக் கேட்டாள். ரயில் வராத ஸ்டேஷனில் உட்கார்ந்து தினமும் காக்காய்க்குப் பொரி போடுகிற கிழவன் பாட்டு. மழைக்காலம் முடிந்த பிறகும் சிவப்புக் குடையை மடக்காத பெண்ணின் பாட்டு. அவள் ஏன் மடக்கவில்லை என்றால், அதை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவன் ‘நீ இதைப் பிடிச்சுட்டு நடந்து வந்தா தூரத்துலயே தெரியும்’ என்று ஒரு தடவை சொன்னானாம். அன்றைக்கு மார்க்கெட்டுக்குப் போகும்போது பேராச்சி தன் கறுப்புக் குடையைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டாள்.

பால்டிப் பாட்டு, அதாவது வாளிப் பாட்டு, வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால்.

அதற்கும் சில வருஷங்களுக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு ஆண் குழந்தை இருந்தது. சுவரைப் பிடித்து நிற்க ஆரம்பித்திருந்தான். ஒரு ஆடி மாத மழையில் வாந்தியும் பேதியும். கொஞ்சம் தெளிந்து தூங்குகிறானே என்று பக்கத்து வீட்டு ஹபீபாவைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பேராச்சி தண்ணீருக்குப் போனாள். வரிசை நீளம். வரிசையை விட்டால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. ஹபீபா அலறிக்கொண்டு ஓடி வந்தபோது அவள் பால்டி அப்போதுதான் குழாய்க்கு அடியில் போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்குள் முடிந்துவிட்டது.

ஊரிலிருந்து வந்த சொந்தக்காரிகள் இரண்டு பேர் அவள் காதுபடவே பேசினார்கள். பிரம்மநாயகம் ஒன்றும் பேசவில்லை. கோபப்படவும் இல்லை, தேற்றவும் இல்லை. அதன் பிறகு குழந்தையின் பெயரையே அவர் சொன்னதில்லை. அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று அவள் வருஷக்கணக்கில் யோசித்தாள். குற்றம் சொல்ல மனசில்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்றுதான் கடைசியில் முடிவு பண்ணிக்கொண்டாள்.

பிறகு ஒரு காலையில், கையில் டீயோடு, அந்தப் பாட்டு.

“ஒரு பால்டி. கொழாயடியில இருக்கு. நெறஞ்சு வழியுது. எடுக்க ஆளில்ல. ஏன்னா அந்த அம்மா அதப் போட்டுட்டு வீட்டுக்கு ஓடிட்டா. பேபி பேபின்னு பாடுதா அந்தப் பிள்ள. பேபின்னா கொளந்த. போயிட்டு. வீட்டுக்காரன் வாசல்ல நிக்கான். அவனுக்குப் பேச வாய் வரல. கொழாயடிக்குப் போறான். அந்தப் பால்டிய எடுத்துட்டு வாரான். எடுத்துட்டு வந்து சொல்லுதான், தண்ணி பிடிக்கப் போனவ தண்ணி பிடிக்கத்தான் போனா. வீட்டுக்குத் தண்ணி வேணும்லா. இதுல என்ன குத்தம் இருக்கு. அப்படின்னு பாட்டு முடியுது.”

சொல்லிவிட்டு அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பேராச்சி அடுப்பின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எங்கேயோ யாருக்கோ இது நடந்திருக்கிறது, அதைப் பாட்டாக எழுதியிருக்கிறார்கள், அதை ஒரு பெண் மேடையில் நின்று பாடுகிறாள் என்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அவள் குழாயடிக்குத் தலை நிமிர்ந்து போனாள்.

பிரம்மநாயகத்தைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் சயான் சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள், பேராச்சியைத் தலையோடு குளிப்பாட்டிவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஷ்யாமளா மட்டும் போகவில்லை. ஈரத் தரையில் புடவை நனைவதைக் கவனிக்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

“ஒங்களுக்கு நேரமாகலியாம்மா? வீட்டுல தேட மாட்டாவளா?”

“தேடட்டும் அக்கா.” சற்றுப் பொறுத்து, “பொங்கல் கச்சேரிக்கு நாங்க வேற செட் பார்த்துக்கறோம். நீங்க அதைப் பத்திக் கவலையே படாதீங்கோ. அதைச் சொல்லிடணும்னு நெனச்சேன்,” என்றாள்.

பேராச்சி வேறொன்றைக் கேட்டாள்.

“அந்தப் பால்டிப் பாட்டு. அத நீங்கதான எழுதினிய? யாருக்கு அப்படி நடந்துச்சு? ஒங்களுக்குத் தெரிஞ்சவுகளா?”

“பால்டிப் பாட்டா?”

“கொழாயடியில வழியுமே. பேபின்னு வருமே.”

ஷ்யாமளாவுக்குப் புரிந்தது. இந்த நேரத்திலும் அவள் முகத்தில் ஒரு சின்ன வெட்கம் வந்தது. “அதுவா. அது எங்காத்துக் கதைதான் அக்கா. எங்க பில்டிங்ல கார்த்தால நாலு மணிக்குத்தான் தண்ணி வரும். ஒரு நாள் பக்கெட்டை வெச்சுட்டு நான் தூங்கிப் போயிட்டேன். ஹால் பூரா ஜலம். அப்பா கத்தின கத்துல மாடியே எழுந்துண்டுடுத்து. இந்த ஆத்தை விட்டு எங்கேயாவது ஓடிப் போயிடணும்னு தோணித்து. அதைத்தான் எழுதினேன். பக்கெட் வழியறது, நான் எழுந்திருக்கலை, எழுந்திருக்கவும் போறதில்லைன்னு. அவ்வளவுதான் பாட்டு.”

“அந்த வீட்டுக்காரன்? வந்து பால்டிய எடுப்பானே?”

“வீட்டுக்காரன்னு யாரும் இல்லையே அக்கா அதுல.”

“கொளந்த?”

“பேபியைச் சொல்றேளா? அது குழந்தை இல்லை. இங்கிலீஷ் பாட்டுல சிநேகிதனை, சிநேகிதியை எல்லாம் அப்படித்தான் கூப்பிடுவா. எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவே பிடிக்காது. அந்த எடத்துல வேற எதுவும் உக்காரலை, அதனால போட்டேன்.”

பேராச்சி வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அவுகளுக்குத் தெரியாதுபோல,” என்றாள். “பேபின்னா கொளந்தன்னுதான் எங்கிட்டச் சொன்னாவ.”

“இல்லை அக்கா, தெரியும். நானே சொன்னேன். ஒரு நாள் ரிகர்சல் முடிஞ்சு ஒயரெல்லாம் சுத்திண்டிருந்தார். இந்தப் பாட்டுக்கு என்னம்மா அர்த்தம்னு கேட்டார். எங்க கிட்டார்காரனே அதைக் கேட்டதில்லை. பாட்டுக்கு அர்த்தமெல்லாம் நான் எழுதறதில்லை அண்ணா, கேக்கறவா எடுத்துக்கறதுதான்னேன். அப்போ அதுல வர கொழந்தை செத்துப் போச்சான்னு கேட்டார். அய்யோ, பேபின்னா கொழந்தை இல்லை அண்ணான்னு வெளக்கிச் சொன்னேன். அவர் சிரிச்சார்.” ஷ்யாமளா கொஞ்சம் நிறுத்தி, அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே நினைவுபடுத்திச் சொன்னாள். “‘சரிம்மா. ஆனா கொளந்தன்னு வச்சுக்கிட்டாலும் பாட்டு ஒடையலியே’ன்னார். எனக்கு அது ரொம்ப நாள் மனசுலயே இருந்தது. அதுக்கப்புறம் ஒவ்வொரு பாட்டையும் எழுதிட்டு, இது அண்ணா கையில ஒடையாம இருக்குமான்னு பார்ப்பேன்.”

“ஸ்டேசன் பாட்டுல ஒரு கெழவன் உண்டா?”

“ஸ்டேஷன் உண்டு. கிழவன் இல்லை.”

“செவப்புக் குடை?”

“குடை இருக்கு அக்கா. சும்மா ஒரு குடை. யாரும் யாருக்கும் வாங்கிக் குடுக்கலை.”

வெளியே யாரோ குழாயடியில் பாத்திரத்தை இழுத்துப் போட்டார்கள். பேராச்சிக்கு இப்போது விளங்கியது. சாமான்கள் எல்லாம் இந்தப் பெண்ணுடையவை. ஸ்டேஷன், குடை, பால்டி. பேசியது முழுக்க அவர். வாசலில் வாய் வராமல் நின்றவனும் அவர்தான், போய்ப் பால்டியை எடுத்து வந்தவனும் அவர்தான். அன்றைக்கு அந்தப் பால்டி எப்படி வீட்டுக்கு வந்தது என்று அவள் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. மறுநாள் அது நிறைதண்ணீரோடு டிரம்முக்குப் பக்கத்தில் இருந்தது.

“நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா அக்கா?” என்று கேட்டாள் ஷ்யாமளா.

“இல்லம்மா.” பேராச்சி அவள் பக்கம் நகர்ந்தாள். “அந்தக் கடைசியில சொன்னாவல்லா. ஒடையலியேன்னு. அத இன்னொருக்கச் சொல்லுங்க.”

ஷ்யாமளா சொன்னாள். பேராச்சி முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்குவதைப் பார்த்து ஹபீபா வாசலிலிருந்து ஓடி வந்தாள். காலையிலிருந்து எல்லாரும் காத்திருந்த அழுகை அது. அது துக்கம் மட்டும்தானா என்று அங்கே இருந்த யாருக்கும் தெரிய வழியில்லை.

மறுநாள் காலையில் சாம்பல் எடுக்கப் போனவர்கள் திரும்பி வந்த பிறகு, பூதத்தான் மட்டும் வாசலில் நின்றான். மொட்டையடித்த தலையில் துண்டு. சந்து முனையில் தெரியாத ஆள் ஒருவன் பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

“மதினி, கோலிவாடாவுல இருந்து ஒரு பார்ட்டி வந்திருக்கு. செட்டு மொத்தமா எடுத்துக்கிடுதானாம். ஒங்க அண்ணன் வந்ததும் நீங்க ஊருக்குப் போயிரலாம். பாக்கச் சொல்லட்டா?”

“வேண்டாம்.”

“பெறகு யாரு மதினி இதச் சொமக்கது?”

“யாராவது சொமப்போம். ஒயரெல்லாம் பத்து வருசமா நாந்தான ஈயம் வச்சுப் பத்தவைக்கேன். எது எதுல போவணும்னு எனக்குத் தெரியும்.” அவள் குரல் உயரவில்லை. “பொங்கலுக்குக் கோயிலுக்கு ஹார்ன் ஸ்பீக்கர் போதும். நீ குடுத்த வாக்குக்கு அதக் கொண்டு போ. பெரிய பெட்டி ரெண்டும் காலேசுக்குப் போவட்டும். அது அவுக குடுத்த வாக்கு. பதினாறு கழிஞ்சிரும்லா அதுக்குள்ள.”

பூதத்தான் அவளையே பார்த்தான். பிறகு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“எனக்கு அதப் பாக்க முடியல மதினி. கண்ணுல படும்போதெல்லாம்... ஜமால் அண்ணன் வந்து கூப்பிட்டாவ. நான் வீட்டுக்குள்ளதான் இருந்தேன். இல்லன்னு சொல்லச் சொன்னேன். ஒரு கை கூட இருந்திருந்தா...”

உன்மேல் குற்றமில்லை என்று பேராச்சி சொல்லலாம். அப்படிச் சொன்னால் அது காதுக்குள் போகாது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு ஹபீபா சொல்லியிருக்கிறாள், டாக்டர் சொல்லியிருக்கிறார். எதுவும் போகவில்லை.

அவள் வந்து நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“ஒங்கண்ணன் ஒரு பாட்டு சொன்னாவ,” என்றாள்.

“என்ன பாட்டு?”

“ரெண்டு பேரு. அண்ணன் தம்பி. கைவண்டி இழுக்காவ. அண்ணன் முன்னால, தம்பி பின்னால தள்ளுதான். வருசக்கணக்கா இதான் சோலி. ஒரு நாள் ரெண்டு பேருக்கும் சண்ட. தம்பி வண்டிய விட்டுட்டுப் போயிருதான்.” அவள் நிறுத்தினாள். பூதத்தான் துண்டைத் தலையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். “அண்ணன் திரும்பிப் பாக்கல. அவம் பாட்டுக்கு இழுத்துட்டுப் போறான். மேடு வருது. ஏறுதான். வழியில ஒருத்தன் கேக்கான், என்னய்யா ஒத்தையில இழுக்கியேன்னு. அதுக்கு அண்ணன் சொல்லுதான், ஒத்தையில எங்கய்யா இழுக்கேன். இம்புட்டு வருசம் தள்ளுனவன் கையி இன்னும் பின்னாலதான் இருக்கு. எனக்குக் கனமே தெரியலன்னு.”

சந்து முனையில் அந்த ஆள் பீடியை அணைத்துவிட்டு இந்தப் பக்கம் பார்த்தான். பூதத்தான் அவனைப் பார்த்து, வேண்டாம் என்று கையை ஆட்டினான். பிறகு புறங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

“இங்கிலீஷ்ப் பாட்டா மதினி?”

“ஆமா. இங்கிலீஷ்ப் பாட்டுதான்.”

“அந்த மாட்டுங்காப் பிள்ள பாடுனதா?”

“ஆமா.”

அவன் மடியிலிருந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். “பெறகு என்ன ஆச்சு, பாட்டுல?”

“இன்னும் இருக்கு. மொதல்ல ஒரு வாய் கஞ்சி குடி. நேத்துலருந்து ஒண்ணும் திங்கல நீ.”

ஹபீபா கொடுத்தனுப்பிய கஞ்சி மூடியிருந்தது, சூடு ஆறவில்லை. பேராச்சி அவனுக்கு ஊற்றிவிட்டு, தனக்கும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். அவன் குனிந்து ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பித்தான். அவள் கரண்டியைப் பாத்திரத்தில் சாய்த்துவிட்டு, அந்த வண்டி மேட்டின் உச்சிக்குப் போன பிறகு என்ன நடக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.